மோட்டர்ஹோம்ல போறப்ப கேஸ் பார்பிக்யூவா, கரி பார்பிக்யூவா?

யூகேல மோட்டர்ஹோம், அதாவது உள்ளயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்குற வண்டிய வாடகைக்கு எடுத்துட்டு லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ், ஸ்காட்லாந்துன்னு சுத்தக் கெளம்புற நம்மாளுங்க இப்ப நெறைய பேரு. வண்டி புக் பண்ணி முடிச்சதும் அடுத்த பஞ்சாயத்து பார்பிக்யூ தான். கரில சுட்டாத்தான் அது சுட்டது, கேஸ்ல சுடறதுக்கு வீட்டுலயே சுட்டுத் தின்னுட்டு வரலாமேன்னு ஒரு கோஷ்டி, லீவுக்குப் போன எடத்துல எவன் கரியோட மாரடிக்கிறதுன்னு இன்னொரு கோஷ்டி. நான் என் கருத்த முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காரணம் சொல்றேன். ருசிய வச்சு இத முடிவு பண்ணாதீங்க, ஒரே எடத்துல எத்தன ராத்திரி நிக்கப் போறீங்கன்னு கணக்குப் பாருங்க. ஒரு ராத்திரி ஒரு ஊருன்னு ஓடுற ட்ரிப்னா கேஸ், அதுல பேச்சே இல்ல. ரெண்டு மூணு ராத்திரி ஒரே பிட்ச்ல (கேம்ப்சைட்ல நம்ம வண்டி நிறுத்த ஒதுக்குற எடம்) டேரா போடறதா இருந்தா, அந்த கேம்ப்சைட்டும் சரின்னு சொன்னா, அப்ப கரியப் பத்திப் பேசலாம்.

ஏன்னா கரியோட பிரச்சினை சாயங்காலம் வராது, காலைல தான் வரும். ராத்திரி 9 மணிக்கு சுட்டு முடிச்சீங்கன்னு வைங்க, மேல பாத்தா சாம்பல் பூத்து செத்துப் போன மாதிரி தெரியும், உள்ள கங்கு அப்படியே இருக்கும், மூடி போட்டு காத்த அடைச்சாலும் முழுசா ஆற மணிக்கணக்காகும், பெரிய ப்ரிக்கெட் (கரித்தூள அழுத்திச் செஞ்ச கட்டி) துண்டுன்னா மறுநாள் காலைல கூட கிளறினா சூடு தெரியும். கேம்ப்சைட்ல காலைல 11, 12 மணிக்குள்ள பிட்ச்ச காலி பண்ணச் சொல்வாங்க, நீங்க அடுத்த ஊருக்கு நாலு மணி நேரம் ஓட்டணும்னு 8 மணிக்கே கெளம்பப் பாப்பீங்க, அப்ப அந்த சாம்பல எங்க கொட்டுவீங்க? குப்பைத் தொட்டில கொட்டினா தொட்டியே எரியும், அப்படி எரிஞ்சதுனால தான் நெறைய எடத்துல கரிச் சாம்பலுக்குன்னே தனியா ஒரு இரும்பு டப்பா வச்சிருக்காங்க, அது இல்லாத எடமும் இருக்கு. தண்ணி ஊத்தினா ஆவி குப்புன்னு கையில அடிக்கும், அப்புறம் சேறு மாதிரி ஒரு கருப்புக் கூழ், அத வழிச்சுப் போடறது தனி வேல. பீச்சுல மணல்ல புதைச்சுட்டு வர்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, மணல் சூட்ட அப்படியே பிடிச்சு வச்சுக்கும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, அடுத்து வெறுங்காலோட ஓடி வர்ற குழந்த தான் மிதிக்கும். இதெல்லாம் தாண்டி அந்த பார்பிக்யூவ வண்டிக்குள்ள ஏத்தணும். கழுவாத கிரில், கொழுப்பு ஒட்டின மூடி, சாம்பல் வாடை, இத்தனையும் உங்க படுக்கைக்கு ரெண்டு அடி தள்ளி. கரி தான் வேணும்னா மூடி போட்ட ஒரு இரும்பு டப்பா சாம்பலுக்கு, ஒரு கெட்டியான பெரிய பை பார்பிக்யூவுக்கு, இது ரெண்டும் கண்டிப்பா வேணும்.

சரி, ருசி விஷயத்துல கரி கோஷ்டி சொல்றதுல நியாயம் இருக்கா? இருக்கு, ஆனா அவங்க நெனைக்கிற காரணம் இல்ல. நல்லா பிடிச்ச கரில கிட்டத்தட்ட வெறும் கார்பன் தான் மிச்சம், அதுல இருந்து பெருசா மணம் எதுவும் வர்றதில்ல. கறில இருந்து கொழுப்பும் மசாலாத் தண்ணியும் சொட்டி நெருப்பு மேல விழுந்து புகையாகி திரும்ப கறி மேலயே ஏறுது பாருங்க, அந்த வாசம் தான் நாம சொல்ற கரி வாசம். அதோட கரி அடிக்கிற அனல் காஞ்ச அனல், கறியோட மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சு செவந்துடும். கேஸ் எரியறப்ப தண்ணி ஆவியும் சேந்து வரும், சின்ன போர்ட்டபிள் அடுப்புல சூடும் கம்மி, அதனால செவக்கறதுக்கு முன்னாடி வெந்துடற மாதிரி ஆகும். எலும்போட இருக்குற கோழித் தொடை, ஆட்டு சாப்ஸ், கோடைல கார்ன்வால் பக்கம் துறைமுகத்துலயே வாங்குற கானாங்கெளுத்தி, இதெல்லாம் கொழுப்பு சொட்டுற அயிட்டம், இதுல வித்தியாசம் நல்லாவே தெரியும். சிக்கன் ப்ரெஸ்ட், சோளம், பனீர், கடைல வாங்குற பர்கர் இதுல கண்ண மூடிட்டு சாப்ட்டா என்னால எது எதுன்னு சொல்ல முடியாது, சொல்ல முடியும்னு அடிச்சுப் பேசற நண்பர் ஒருத்தருக்கும் முடியல.

கத்திரிக்காய் மட்டும் தனி. பெரிய கத்திரிக்காய எண்ண தடவி நேரா கங்கு மேலயே போட்டு, தோல் கருகி வெடிச்சு உள்ள தண்ணி சீறுற வரைக்கும் திருப்பித் திருப்பி விட்டு, எடுத்து தோல உரிச்சு வெங்காயம் பச்சமொளகா உப்பு போட்டு பெசஞ்சா, அதுக்கு கேஸ் பக்கத்துல கூட வர முடியாது. கரி மூட்டின அன்னிக்கு கறி எல்லாம் வெந்து முடிஞ்சப்புறம் சாகப் போற சூட்டுல ரெண்டு கத்திரிக்காய போட்டு வச்சுடுங்க, மறுநாள் மதியம் பிரெட்டுக்கு ஆகும்.

கரி பத்த வைக்கறதுக்கும் ஒரு நேரம் இருக்கு. லம்ப்வுட் கரின்னா, அதாவது சாதா மரக்கரித் துண்டுன்னா, ஒரு இருபது நிமிஷம், ப்ரிக்கெட்னா அர மணி நேரத்துல இருந்து முக்கா மணி நேரம். சிம்னி ஸ்டார்ட்டர்னு ஒரு தகர உருளை கெடைக்கும், அடில ஒரு பயர்லைட்டர், மேல கரி, பத்த வச்சுட்டு விட்டுட்டா தானா பிடிச்சுக்கும், மேல இருக்குற துண்டோட ஓரம் சாம்பல் நெறம் ஆனதும் கவுத்துக் கொட்டணும், விசிறிக்கிட்டே குந்தி உக்காந்திருக்க வேண்டியதில்ல. பையோடயே கொளுத்துற இன்ஸ்டன்ட் கரி பெட்ரோல் பங்க்ல எல்லாம் கெடைக்கும், சுலபம் தான், ஆனா அதுல ஊற வச்சிருக்குற மெழுகு எரிஞ்சு முடியறதுக்குள்ள கறிய வச்சீங்கன்னா மண்ணெண்ண ஸ்டவ்ல சுட்ட மாதிரி இருக்கும். ஜூன் மாசம் ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குறதால நேரம் போனதே தெரியாம ஓட்டிட்டு எட்டரைக்குப் போய் நிப்பீங்க, பின்னாடி ரெண்டு பசங்க பசி பசின்னு கத்திட்டிருப்பாங்க, அந்த நேரத்துல முக்கா மணி நேரம் கரி பிடிக்கட்டும்னு சொல்லிப் பாருங்க.

இப்ப கேஸ் பக்கம் வருவோம், நம்ம வீட்டுக்கு இதுல வேற ஒரு லாபம் இருக்கு, வெள்ளைக்காரங்க எழுதுற ஒப்பீட்டுல எல்லாம் இது வராது. மோட்டர்ஹோம் உள்ள சமைக்கறது நம்ம சமையலுக்கு ஆகாது. கடுகு கருவேப்பில தாளிச்சு, வெங்காயம் வதக்கி, மீன் ஒரு தடவ வறுத்தா போதும், திரைச்சீலை, மெத்தை, தலகாணி எல்லாத்துலயும் ஏறி உக்காந்துக்கும், நாலு நாள் ஆனாலும் எறங்காது. தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு வண்டிய திருப்பிக் குடுக்கறப்ப வாடை அடிக்குதுன்னு சொல்லி டெபாசிட்ல ஒரு தொகைய பிடிச்சுட்டாங்க வாடகைக்கு விட்டவங்க. அதனால நமக்கு வேண்டியது சுடற அடுப்பு மட்டும் இல்ல, வெளில வச்சு தாளிக்கிற அடுப்பும். தென்னாப்பிரிக்காவோட காடாக் கம்பெனியோட சஃபாரி ஷெஃப் மாதிரி அயிட்டம் ஐரோப்பா கேம்ப்சைட்ல எல்லாம் பாக்கலாம், ஒரே பர்னர், மேல மாத்தி மாத்தி வைக்கிற தட்டுங்க. கிரில் தட்ட எடுத்துட்டு பாத்திரம் வைக்கிற ஸ்டாண்ட் போட்டா சாம்பார் வைக்கலாம், மூடிய கவுத்துப் போட்டா அதுவே ஒரு வாணலி, தட்டையான பிளேட் இருந்தா தோசை வரும். தோசை வரும்னா வீட்டுக் கல்லு மாதிரி வராது, தட்டு சின்னது, நடுவுல மட்டும் சூடு அதிகமா இருக்கும், ஓரம் வெளுத்துப் போகும், அதனால ஊத்தாப்பமா ஊத்தினா நல்லா வருது. காலைல முட்டை, டீ, மதியம் தக்காளி சாதம், ராத்திரி கோழின்னு ஒரே அடுப்பு நாள் பூரா ஓடும். கரில இத்தனையும் பண்றதுன்னா நாள் பூரா கரி எரியணும்.

ஆனா கேஸ் வாங்குறதுல ஒரு எடத்துல பாத்து வாங்கணும். அது பிரஷர். இப்ப இருக்குற மோட்டர்ஹோம்ல சிலிண்டர் லாக்கருக்குள்ள சுவத்துல ஒரு ரெகுலேட்டர் இருக்கும், அது பிரஷர 30 மில்லிபாருக்கு எறக்கி உள்ள அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் அனுப்பும். நெறைய வண்டில வெளிப்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள்ள பார்பிக்யூ பாயின்ட் வச்சிருப்பாங்க, அதுல ஒரு ஹோஸ சொருகினா போதும், தனி சிலிண்டரே வேண்டாம், வண்டி கேஸ்லயே ஓடும், இது கையில இருந்தா கரி கேஸ்ங்கற விவாதமே பாதி முடிஞ்சுடுது. ஆனா அந்த பாயின்ட்ல வர்றது ஏற்கனவே எறக்கின கேஸ். நீங்க வாங்குன பார்பிக்யூ கார்ட்ரிட்ஜுக்குன்னு செஞ்ச ஹை பிரஷர் மாடலா இருந்தா, அதோட ஜெட் ஓட்ட சின்னது, 30 மில்லிபார்ல மெழுகுவத்தி மாதிரி எரியும். இல்ல பார்பிக்யூலயே ஒரு ரெகுலேட்டர் மாட்டியிருந்தா எறக்கினத மறுபடி எறக்கும், அதுவும் அதே கதி தான். காடாக்ல ஒரே மாடல்லயே லோ பிரஷர்னு ஒண்ணு, ஹை பிரஷர்னு ஒண்ணு தனித்தனியா விப்பாங்க, டப்பா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆன்லைன்ல ஆஃபர் போட்டிருக்கான்னு அவசரத்துல அமுக்காதீங்க. வெபர் க்யூ மாதிரி அடுப்ப இந்த பாயின்ட்ல மாட்டணும்னா அதுக்கேத்த மாதிரி மாத்தித் தர்ற கேஸ் கடைங்க இருக்கு, தானா ஸ்பானர எடுத்துட்டு எறங்க வேண்டாம். மாட்டினதும் ஒரு கப்ல சோப்புத் தண்ணி கரைச்சு ஜாயின்ட்ல தடவிப் பாருங்க, குமிழி வந்தா லீக்.

பார்பிக்யூ பாயின்ட் இல்லாத வண்டின்னா மரை வச்சு திருகி மாட்டுற சின்ன கேஸ் டப்பா, அதாவது கார்ட்ரிட்ஜ், இல்ல தனிச் சின்ன சிலிண்டர். கேஸ் எவ்வளவு ஆகும்னு ஒரு தோராயக் கணக்கு சொல்றேன். 2 கிலோவாட் பர்னர முழுசா தொறந்து விட்டா மணிக்கு கிட்டத்தட்ட 145 கிராம் எரியும். 500 கிராம் கார்ட்ரிட்ஜ் மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல தாங்கும், கேம்பிங்காஸ்ங்கற கம்பெனியோட 907 சிலிண்டர்ல 2.75 கிலோ இருக்கு, அது 19 மணி நேரம் வரும், வண்டில இருக்குற 6 கிலோ சிவப்பு புரொப்பேன்ல இருந்து எடுத்தா கணக்கே பாக்க வேண்டியதில்ல. சிறுதீல வைக்கறப்ப இன்னும் நீளும். கார்ட்ரிட்ஜ் சுமந்துட்டு போறவங்க அத அலமாரில, கட்டிலுக்கு அடில எல்லாம் வைக்காதீங்க, இந்த கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா கீழ தரையோட போய் தேங்கும், அதுக்குத்தான் கேஸ் லாக்கர்ல அடிப்பக்கம் ஓட்ட போட்டு வச்சிருக்காங்க, அங்கயே வைங்க.

குளிர் இன்னொரு விஷயம். பியூட்டேன் சைபர் டிகிரி கிட்ட வந்தாலே ஆவியாகறத நிறுத்திடும், அதோட கொதிநிலை மைனஸ் அரை டிகிரி தான். புரொப்பேனுக்கு மைனஸ் 42. யூகேல காலர்ங்கற (Calor) கம்பெனியோட சிலிண்டர்ல நீலம்னா பியூட்டேன், சிவப்புன்னா புரொப்பேன். கார்ட்ரிட்ஜ்ல ரெண்டையும் கலந்து அடைச்சிருப்பாங்க, அதுல புரொப்பேன் தான் முந்திக்கிட்டு வெளில போகும், மிச்சம் பியூட்டேன், அதோட கேஸ் வெளியேற வெளியேற டப்பா தானே குளிர்ந்து போய் மேல பனி பூக்கும். அதனால தான் ஏப்ரல் மாசம் வேல்ஸ்ல ஸ்னோடோனியா மலைப்பக்கம் சாயங்காலம் கார்ட்ரிட்ஜ் கால்வாசி இருக்கும்போதே தீ சோம்பிடும், ஆட்டிப் பாத்தா உள்ள இன்னும் சலசலன்னு கேக்கும். ஈஸ்டர் லீவு, அக்டோபர் ஹாஃப் டெர்ம் ஸ்கூல் லீவுல போறவங்க வண்டியோட புரொப்பேன நம்புறது உத்தமம். கரிக்கு இந்தத் தொல்லை இல்ல, எந்தக் குளிர்லயும் எரியும், மழ தான் அதுக்கு எமன்.

இனி எங்க அனுமதி, எங்க இல்லைங்கறது. இதுலயும் கேஸ் பக்கம் தான் தராசு சாயுது, ஆனா கேஸ்னா எங்கயும் ஓகேன்னு நெனச்சுடாதீங்க. 2018 ஜூன்ல மான்செஸ்டர் பக்கம் சேடில்வொர்த் மூர்ங்கற புதர்க்காட்டு மேட்டு நிலம் நாள்கணக்கா எரிஞ்சுது, 2020 மே மாசம் டார்செட்ல வேரம் காடு எரிஞ்சப்ப அங்க டிஸ்போசபிள் பார்பிக்யூ தட்டுங்கள பொறுக்கி எடுத்தாங்க. அதுக்கப்புறம் கெடுபிடி ஏறிக்கிட்டே போகுது. பீக் டிஸ்ட்ரிக்ட்ல ஹை பீக் கவுன்சில் மூர்லேண்ட்ல நெருப்பும் பார்பிக்யூவும் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, நியூ ஃபாரஸ்ட்ல 2023 ஜூலைல இருந்து அதே மாதிரி. திறந்த வெளில அந்த மாதிரி எடத்துல கேஸ் அடுப்பா கரி அடுப்பான்னு வாதாடிட்டு நிக்க முடியாது, பத்த வைக்காதீங்க, அவ்வளவு தான். வித்தியாசம் வர்றது கேம்ப்சைட்டுக்கு உள்ள. பல எடத்துல கரி ஓகே, ஆனா புல்லு மேல நேரா வைக்கக் கூடாது, கால் வச்சு ஒசரமா இருக்கணும், இல்லன்னா ரிசப்ஷன்ல செங்கல் வாங்கி மேல வைக்கணும், புல்லு கருகி ஒரு வட்டம் விழுந்தா அடுத்த வருஷம் வரைக்கும் தெரியும், முறைப்பாங்க. சில எடத்துல காஞ்ச காலத்துல கரி கிடையாது, கேஸ் மட்டும்.

பிரான்ஸ் தெற்குப் பக்கம் போறவங்களுக்கு இது இன்னும் கறார். காட்ட ஒட்டி 200 மீட்டருக்குள்ள நெருப்பு மூட்டறதுக்கு சட்டத்துலயே தடை இருக்கு, கோடைல ப்ரோவான்ஸ் பக்கம் கேம்ப்சைட்ல கரியக் கண்டாலே வந்துடுவாங்க, கேஸ் இல்ல எலக்ட்ரிக் தான் பெரும்பாலும் விடறாங்க, சில எடத்துல பொதுவா ஒரு பார்பிக்யூ மேடை கட்டி விட்டிருப்பாங்க. ஊருக்கு ஊரு இருக்குற ஏர்னு சொல்ற மோட்டர்ஹோம் பார்க்கிங்ல ராத்திரி தூங்கலாம், ஆனா வெளில நாற்காலி போட்டு அடுப்பு பத்த வச்சா அது பார்க்கிங் இல்ல கேம்பிங், அதுக்கு அங்க எடமில்ல, கேஸா இருந்தாலும் சரி. கேஸ்காரங்களுக்கு அங்க இருக்குற தலவலி சிலிண்டர். காலர் சிலிண்டர அங்க மாத்த முடியாது, தீந்தா தீந்தது தான். கேம்பிங்காஸ் மட்டும் ஐரோப்பால பெரும்பாலான நாட்டுல கெடைக்கும், வெல அதிகம், ஆனா ரெண்டு வாரம் ட்ரிப்னா அந்த வெலய யோசிக்காம குடுத்துடலாம். யூரோடனல்லயோ ஃபெர்ரிலயோ ஏறறப்ப சிலிண்டர் வால்வ மூடிடணும், செக் பண்ணுவாங்க.

சம்பந்தம் இருக்குறதால இன்னொண்ணு, மசாலா தடவி ஊற வச்ச கோழிய டப்பால அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு பிரான்ஸோட கலே துறைமுகம் வழியா கொண்டு போகலாம்னு இருந்தா மறந்துடுங்க. 2021ல இருந்து யூகேல இருந்து ஈயூ உள்ள கறி, பால், தயிர் எதுவும் கொண்டு போக முடியாது, புடிச்சா குப்பைல போடுவாங்க. மசாலாத் தூள மட்டும் கலந்து எடுத்துட்டுப் போங்க, கோழியும் தயிரும் அங்க சூப்பர்மார்க்கெட்ல வாங்கிக்கலாம்.

உயிர் போற விஷயம் ஒண்ணு இருக்கு, அதுல மட்டும் நான் வெளையாட்டா பேச மாட்டேன். கரி எரியறப்ப கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நெறமும் இல்ல வாசமும் இல்ல. கொழுந்து விட்டு எரியறப்பவ விட கனிஞ்சு சாகப் போற நேரத்துல அது நெறைய வரும். குளிருதேன்னு அந்த நேரம் பாத்து பார்பிக்யூவ ஆனிங்க்கு (வண்டியோட பக்கத்துல விரிக்கிற துணிக் கூரை) உள்ள, டென்ட்டுக்கு உள்ள, வண்டிக்குள்ள தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் படுத்தவங்க காலைல எழுந்திருக்கல, இந்த நாட்டுல இது திரும்பத் திரும்ப நடந்திருக்கு. ஜன்னல தொறந்து வச்சா போதும்னு நெனைக்காதீங்க. ஆறிடுச்சுன்னு நெனச்ச கரி பார்பிக்யூவ கூட ராத்திரி வெளிலயே வைங்க, மழ பேஞ்சா நனையட்டும். கேஸ்ல ஆபத்து கம்மி, பட்டன திருப்பினா அணைஞ்சுடும், ஆனா அதையும் மூடின ஆனிங் உள்ள பத்த வைக்கக் கூடாது, அதுலயும் காத்து பத்தலன்னா அதே விஷம் வரும். வண்டிக்குள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா, டெஸ்ட் பட்டன அமுக்கினா கத்துதான்னு வண்டிய வாங்குற அன்னிக்கே பாத்துடுங்க.

காத்து பத்தி சொல்லணும்னா ஸ்காட்லாந்து பக்கம் ஒரு கூத்து. கேஸ் தீக்கு காத்து ஆகாது, தீ ஒரு பக்கமா சாஞ்சு பாதி சூடு பக்கத்து பிட்ச்சுக்குப் போகும், விண்ட்ஷீல்ட் இருக்குற மாடல் தான் வாங்கணும். கரிக்கு காத்து அடிச்சா வேகமா எரிஞ்சு தீரும், பொறி பறக்கும், அது இன்னும் மோசம். அப்ப காத்தே இல்லாத சாயங்காலம் தான் சுடறதுக்கு நல்லதுன்னு தோணும், ஆனா அந்த மாதிரி அசையாத ஈரமான சாயங்காலத்துல தான் ஹைலேண்ட்ஸ்ல மிட்ஜ் கெளம்பும். கொசுவ விடச் சின்னது, மேகம் மாதிரி வந்து தலமுடிக்குள்ள, காதுக்குள்ள, கண் இமைல எல்லாம் உக்காந்து கடிக்கும். க்ளென்கோ பக்கம் ஒரு சாயங்காலம் ஒரு கையில இடுக்கியும் இன்னொரு கையால மூஞ்சில அடிச்சுக்கிட்டும் எல்லாரும் பரதநாட்டியம் ஆடிட்டு இருந்தோம், பக்கத்து பிட்ச் ஜெர்மன்காரர் மட்டும் கரிப் புகைக்குள்ள நிம்மதியா நின்னுட்டு இருந்தாரு. புகை கொஞ்சம் விரட்டத்தான் செய்யுது, கேஸ்ல அது கெடையாது. இந்த ஒரு விஷயத்துல கரிக்கு முழு மார்க் குடுக்கறேன், இருந்தாலும் மிட்ஜுக்காக கரி வாங்கச் சொல்ல மாட்டேன், தலைல போடற வலை சில பவுண்டுக்கு கெடைக்குது.

எடை. இதப் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. 1997 ஜனவரிக்கு அப்புறம் இங்க கார் லைசென்ஸ் எடுத்தவங்க, அதாவது நம்மள்ள கிட்டத்தட்ட எல்லாரும், 3.5 டன் வரைக்கும் தான் ஓட்ட முடியும், வாடகை மோட்டர்ஹோம் பெரும்பாலும் அந்த 3500 கிலோவுக்குள்ள அடக்கிச் செஞ்சது தான். வண்டியோட சொந்த எடை போக மிச்சம் இருக்குறது சில நூறு கிலோ, அதுல ஆளுங்க, தண்ணி டேங்க், சைக்கிள், அரிசி மூட்டை, குக்கர் எல்லாம் வரணும். பார்பிக்யூ எடைல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, வெபர் ஸ்மோக்கி ஜோ மாதிரி 37 சென்டிமீட்டர் கரி அடுப்பு உண்மையில லேசானது தான். ஆனா கரி மூட்டை எடம் அடைக்கும், ஈரம் பட்டா வீண், உருண்டு ஓடி தூள் பறக்கும். வண்டி கேஸ்லயே ஓடற அடுப்புன்னா கூட எதுவும் ஏத்த வேண்டாம். வெலன்னு பாத்தா கரி அடுப்பு சல்லிசு, நல்ல கேஸ் செட் நூறு பவுண்டத் தாண்டிடும், ஹோஸ் ரெகுலேட்டர் எல்லாம் தனி. வருஷத்துக்கு ஒரு தடவ வாடகைக்கு எடுக்குறவங்களுக்கு அது யோசிக்க வேண்டிய காசு தான், வாடகைக்கு விடறவங்களே சில பேரு பார்பிக்யூவ எக்ஸ்ட்ராவா தர்றாங்க, கேட்டுப் பாருங்க.

நடுவுல சில ஆப்ஷன் இருக்கு. லோட்டஸ் கிரில்னு ஒரு ஜெர்மன் அயிட்டம், பேட்டரில ஓடற குட்டி ஃபேன் அடில இருந்து ஊதும், ஒரு கையளவு கரி போதும், சில நிமிஷத்துல சூடாகிடும், புகை கம்மி. காப்னு தென்னாப்பிரிக்காக்காரங்களோடது ஒண்ணு, ஏழெட்டு ப்ரிக்கெட்ட வச்சே முழுக் கோழிய மெதுவா வேக வச்சிடும், அவசரப்படறவங்களுக்கு இல்ல. கரி ருசியும் வேணும் வண்டில எடமும் இல்லன்னா நான் லோட்டஸ் பக்கம் சாய்வேன், சாம்பலும் கொஞ்சமாத்தான் மிஞ்சும், ஆனா கரி கூடாதுன்னு போர்டு போட்ட எடத்துல இதுவும் கரி தான், மோனாக்சைடு எச்சரிக்கையும் இதுக்கும் சேத்துத்தான். எலக்ட்ரிக் கிரில் யூகேல 16 ஆம்ப் ஹூக்கப் (பிட்ச்ல குடுக்குற கரண்ட் கனெக்‌ஷன்) இருந்தா ஓடும், பிரான்ஸ்ல பல எடத்துல 6 ஆம்ப் தான், அதாவது 1400 வாட் கூட வராது, 2000 வாட் கிரில போட்டா ட்ரிப் ஆகி வண்டிக்கு வர்ற கரண்ட் போயிடும், ரிசப்ஷன் வரைக்கும் நடந்து போய் ஆன் பண்ணச் சொல்லணும். அலுமினியத் தட்டுல வர்ற டிஸ்போசபிள் பார்பிக்யூ பத்தி பேசவே வேண்டாம், புல்லக் கருக்கும், சூடு பத்தாது, நெறைய எடத்துல தடை, வெயிட்ரோஸும் ஆல்டியும் 2022லயே அத விக்கறத நிறுத்திட்டாங்க.

ஆக, ஸ்காட்லாந்து வடக்குப் பக்கத்த சுத்தி வர்ற என்சி 500 மாதிரி தெனமும் ஓடற ரூட்னா, சின்னப் பசங்க இருந்தா, பிரான்ஸ் தெற்கு போறதா இருந்தா, கேஸ். வீட்ல சைவம்னா கண்டிப்பா கேஸ், கரில உங்களுக்கு கத்திரிக்காயும் சோளமும் தவிர லாபம் கம்மி, தோசையும் உப்புமாவும் கேஸ்ல தான். கார்ன்வால்லயோ பெம்ப்ரோக்‌ஷயர்லயோ ஒரே சைட்ல வாரம் பூரா உக்காரப் போறீங்க, கூட ரெண்டு குடும்பம் வருது, கோழியும் சாப்ஸும் கிலோக்கணக்குல போகும்னா, கேஸ் அடுப்ப தாளிக்க வச்சுக்கிட்டு, கரி அடுப்பு ஒண்ணு யாராவது ஒருத்தர் கார்ல கொண்டு வரட்டும், கடைசி நாள் ராத்திரிக்கு முந்தின ராத்திரி அதோட வேலைய முடிச்சுடுங்க, ஆற ஒரு முழு நாள் கெடைக்கும். பெரிய கூட்டத்துக்கு ஒரே பர்னர் கேஸ்ல சுடறதுன்னா முதல் ஆளு தின்னு கை கழுவுற வரைக்கும் கடைசி ஆளு தட்டோட நிக்கணும்.

வாடகை வண்டின்னா புக் பண்றதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: வெளில பார்பிக்யூ பாயின்ட் இருக்கா, அதுக்கான ஹோஸ் கனெக்டர் வண்டியோட வருமா, லாக்கர்ல இருக்குறது புரொப்பேனா பியூட்டேனா. ரெண்டாவது கேள்விக்கு இருக்கும்னு நெனைக்கிறேன்னு பதில் வந்தா, வண்டி எடுக்கப் போற அன்னிக்கு லாக்கர தொறந்து காட்டச் சொல்லுங்க, ஞாயித்துக்கெழம மத்தியானம் வேல்ஸ் நடுவுல போய் அந்த கனெக்டரத் தேடினா கெடைக்காது.